நாற்பத்து மூன்று வருசம் மலை ஏறினது போதாதா?

கேள்வி:

டொக்டருக்கு வணக்கம். அம்மாயி சொல்லச் சொல்ல பேத்தி எழுதுகிறேன். எனக்கு 64 வயது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டம். 17 வயதில் பேர் பதிந்து 60 வயது வரை கொழுந்து எடுத்தேன். இப்போது நாலு வருசமாக வீட்டில்தான். தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு, 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய புது வீட்டுக்குப் பெரிய மகனோடு வந்துவிட்டேன். பிரஷர், சீனி இரண்டும் இருக்கிறது. போன கிளினிக்கில் பிரஷர் 150/90, வெறும் வயிற்றில் சீனி 148. நிறை 46 கிலோ. கிளினிக்கில் நடக்கச் சொல்கிறார்கள். 43 வருசம் மலை ஏறி இறங்கினது போதாதா? மருமகள் கேத்தலைக்கூடத் தூக்க விடமாட்டாள். உழைத்தது போதும், உட்காருங்கள் என்பாள். முழங்கால் குத்துகிறது, கடையில் குளிசை வாங்கிப் போட்டால் கேட்கிறது. என் அம்மா ஒரு குளிசையும் போடாமல் 92 வயது வரை இருந்தார். எனக்கு மட்டும் ஏன் இப்படி? கட்டாரில் இருக்கும் சின்ன மகன் விற்றமின் போத்தல்கள் அனுப்பியிருக்கிறான். அதனால் ஆயுள் கூடுமா? 58 வயது வரை வருசம் தவறாமல் சிவனொளிபாத மலை ஏறினேன். இன்னும் ஒரு தடவையாவது ஏற ஆசை. முடியுமா?

பதில்:

அம்மாவுக்கும், பொறுமையாக எழுதிய பேத்திக்கும் வணக்கம்.

கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை டொக்டராக, இரண்டாவது தடவை கொழுந்துக்காரி மகளாக. என் அம்மாவும் தலையில் கூடைக் கயிறு மாட்டி எங்களைப் படிக்க வைத்தவர்தான். அவர் வேலையை விட்டதும் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல கதிரை வாங்கி, அதில் அவரை உட்கார வைத்தோம். தண்ணீர்ப் போத்தல்கூடப் பக்கத்திலேயே இருக்கும். மூன்றாவது வருசம் குசினிப் படியில் கால் தடுக்கி விழுந்தார், இடுப்பு எலும்பு உடைந்தது. அந்தப் படி அரை அடிகூட உயரமில்லை. கவ்வாத்து வெட்டிய மலையில் மழை ஈரத்தில் நாற்பது வருசம் வழுக்காத கால், சமதரையில் தடுக்கியது. அப்போது நான் டொக்டராகி ஆறு வருசம். அந்தக் கதிரையை வாங்க முன்னால் நின்றதும் நான்தான்.

அதனால் உங்கள் மருமகளைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் கேத்தலை உங்கள் கையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் கடமை இருக்கிறது.

43 வருசம் ஏறினது போதாதா என்று கேட்டீர்கள். ஈ.பி.எப். என்ற சேமலாப நிதிக் காசு என்றால் அப்படிக் கேட்கலாம். மாசா மாசம் பிடித்த காசு வட்டியோடு சேர்ந்து கடைசியில் கைக்கு வரும். உடம்பில் தசைக்கு அப்படி ஒரு கணக்குப் புத்தகம் கிடையாது. வேலை கொடுக்கும் வரை இருக்கும், வேலையை நிறுத்தினால் சில நாளிலேயே கரையத் தொடங்கும். வயதானவர்களுக்கு அந்தக் கரைச்சல் இன்னும் வேகம். நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் கட்டிலிலேயே இருக்க வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. பத்தே நாளில். நீங்கள் நாலு வருசம் கதிரையில்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலை வேலை உங்கள் தொடைக்கும் இதயத்துக்கும் நல்லது செய்தது உண்மை. அதே வேலை முழங்காலையும் முதுகையும் தேய்த்தது. காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் கலைந்து போனால் 18, 20 கிலோ கொழுந்தோடு சரிவில் ஏறி இறங்கி, போதாத சாப்பாட்டில், ஓய்வில்லாமல் செய்த வேலை அது. உடற்பயிற்சி என்பது உடம்பு தாங்கும் அளவுக்குக் கொடுத்து, அது தேறி வர நேரமும் விடுவது. இவ்வளவு காலமும் உங்களுக்குக் கிடைக்காதது அந்தத் தேறும் நேரம்தான். இப்போது அது கிடைத்திருக்கிறது.

மருமகளுக்கு ஒரு கதை. 1950களின் தொடக்கத்தில் லண்டனில் ஜெரி மொரிஸ் என்ற வைத்தியர் பஸ்காரர்களைக் கணக்கெடுத்தார். அந்த ஊர் பஸ் இரண்டு தட்டு. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கொண்டக்டர் நாள் முழுக்கப் படி ஏறி இறங்குவார். 1953இல் வெளியான அந்த ஆய்வின்படி கொண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் பிந்தித்தான் வந்தது. ஒரே கொம்பனி, ஒரே பஸ், ஒருவருக்குப் படி, மற்றவருக்கு இருக்கை. நீங்கள் மாமியாருக்கு இருக்கையைக் கொடுத்திருக்கிறீர்கள், மகள். பாசத்தோடுதான் கொடுத்தீர்கள், தெரியும்.

சரி, இப்போது பேத்திக்கு ஒரு வேலை. கைப்பிடி இல்லாத ஒரு கதிரையைச் சுவரோடு சாய்த்து வையுங்கள், பின்னால் நகரக்கூடாது. அம்மாயி நெஞ்சின் குறுக்கே இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்காரட்டும். நீங்கள் போனில் 30 விநாடி வைத்து, அதற்குள் எத்தனை தடவை முழுதாக எழுந்து நின்று உட்காருகிறார் என்று எண்ணுங்கள். 60க்கும் 64க்கும் இடைப்பட்ட பெண்ணுக்கு 12க்குக் குறைந்தால் காலில் பலம் போதவில்லை, விழும் ஆபத்து கூட என்று கணக்கு. 65 முதல் 69 வரை என்றால் 11. ஆண்களுக்கு 60 முதல் 64 வரை 14. கையை ஊன்றாமல் எழும்பவே முடியவில்லையா, அன்றைய எண் பூச்சியம். வெட்கப்பட ஒன்றுமில்லை. என் கிளினிக்கில் இதைச் செய்யச் சொன்னால் பாதிப் பேர் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் நாலாவது தடவையில் கதிரையின் விளிம்பைப் பிடிப்பார்கள்.

பரீட்சை எதுவோ அதுவேதான் மருந்தும். முதல் இரண்டு வாரம் கையை ஊன்றியாவது எட்டுத் தடவை எழுந்து உட்காருங்கள். கொஞ்ச நேரம் ஓய்வு, மறுபடி எட்டு. காலையில் ஒரு முறை, பின்னேரம் ஒரு முறை. உட்காரும்போது தொப்பென்று விழக்கூடாது, மெதுவாக இறங்க வேண்டும். அந்த மெதுவில்தான் தொடை வேலை செய்கிறது. பிறகு கையை எடுத்துவிடலாம். அதோடு ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு குதியைத் தூக்கி நுனிக்காலில் நின்று இறங்குவது பத்துத் தடவை. குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது, இரண்டு காலுக்கும். வாசல் படியில் ஒரு காலை வைத்து ஏறி, அதே காலால் இறங்குவது, பக்கத்துக்கு எட்டு. இவ்வளவும் சேர்த்து கால் மணித்தியாலம் போகாது. பிரஷர் 180/110க்கு மேல் இருக்கும் நாளில் செய்ய வேண்டாம். மூச்சை அடக்கிக்கொண்டும் செய்ய வேண்டாம், பேத்தியோடு சேர்ந்து சத்தமாக எண்ணினால் மூச்சு தானாக வரும்.

இந்த வயதில் தசை திரும்புமா என்று கேட்பீர்கள். 1990இல் அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்து முதியோர் இல்லத்தில் தொண்ணூறை ஒட்டிய வயதுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பலப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. உங்களுக்கு 64தானே. அவர்கள் முன்னால் நீங்கள் குமரிப் பிள்ளை.

நடை தனி. கிளினிக்கில் சொன்னது சரிதான்: வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, நாளைக்கு அரை மணித்தியாலம், வாரத்தில் ஐந்து நாள். நம் ஊரில் ஒரு வசதி, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம். ஏறும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். விடிகாலைப் பனியில் போக வேண்டாம். குளிரில் இரத்தக் குழாய் இறுகும், பிரஷர் ஏறும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை என் கிளினிக்கில் எல்லாருடைய எண்ணும் கொஞ்சம் கூடித்தான் இருக்கும். வெயில் வந்த பிறகு, ஒன்பது பத்து மணிக்குப் போங்கள். சீனி உள்ளவருக்கு வெறுங்கால் கூடவே கூடாது. அட்டை கடித்த காயம்கூடச் சிலருக்குப் புண்ணாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் கால் விரல் இடுக்கெல்லாம் பேத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, கடைக் குளிசை. இதில் நான் கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன். கோபம் உங்கள் மேல் இல்லை. துண்டுச் சீட்டும் இல்லாமல் 'மேல் வலிக்கு' என்று கேட்டால் பேப்பரில் நாலு குளிசையைச் சுற்றிக் கொடுக்கும் பழக்கத்தின் மேல். அது அநேகமாக டைக்ளோபெனாக் அல்லது அந்த வகையில் ஒன்று. வலி நிற்கும், உண்மை. ஆனால் அந்த வகைக் குளிசை உடம்பில் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்து பிரஷரைக் கூட்டும், வயிற்றில் புண் பண்ணும், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். சீனியும் பிரஷரும் ஏற்கெனவே சிறுநீரகத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மூன்றாவது எதிரியை நாமே காசு கொடுத்து வாங்குகிறோம். பிரஷருக்கு லொசார்டன் போடுபவர் என்றால் ஆபத்து இன்னும் கூட. உங்கள் 150/90இல் ஒரு பங்கு இந்தக் கடைக் குளிசையுடையதாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அடுத்த கிளினிக்கில் நீங்களாகவே இதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வெறும் பேப்பர் துண்டு இருந்தால் அதையும் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டு போங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய இரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும், அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு இல்லை. அதுவரை முழங்கால் குத்தினால் 500 மில்லிகிராம் பனடோல் ஒரு நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம், உங்கள் நிறைக்கு அது போதும். சுடுதண்ணித் துணி ஒத்தடம், எண்ணெய் தேய்ப்பது எல்லாம் தாராளமாகச் செய்யலாம், சூடு கூடிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முழங்கால் தேய்மானத்துக்கு நான் பார்த்தவற்றில் நின்று வேலை செய்வது மேலே சொன்ன கதிரைப் பயிற்சிதான். தொடைத் தசை பலமானால் மூட்டில் விழும் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். முதல் இரண்டு வாரம் வலி கொஞ்சம் கூடினமாதிரி இருக்கும், விட்டுவிடாதீர்கள். முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தால் மட்டும் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

உங்கள் அம்மா 92 வயது வரை இருந்தது பெரிய பாக்கியம். அதே லயத்தில் அவரோடு பேர் பதிந்தவர்களை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். பிள்ளைப்பேற்றில் போனவர், ஐம்பதில் 'திடீரென்று சாய்ந்தவர்', ஒரு பக்கம் வராமல் காம்பராவுக்குள்ளேயே கிடந்தவர், கைக்குழந்தையாகவே போனவர்கள். அவர்களும் குளிசை போடாதவர்கள்தான். மிஞ்சியவரைத்தான் நம் கண் பார்க்கிறது. 1946இல் இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்கு எதிர்பார்க்கக்கூடிய சராசரி ஆயுள் 43 வயதைச் சுற்றித்தான் இருந்தது. இன்று அது 75ஐத் தாண்டிவிட்டது. தோட்டங்களுக்கு அந்த முன்னேற்றம் மற்ற இடங்களைவிடப் பிந்தித்தான் வந்தது, ஆனால் வந்தது. உங்கள் அம்மாவுக்கும் பிரஷர் இருந்திருக்கலாம், யாரும் பட்டி சுற்றிப் பார்க்கவில்லை.

பிரஷருக்கு வலி கிடையாது என்பதுதான் அதன் கெட்ட குணம். சுகமாக இருக்கிறது என்று நிறுத்துவார்கள், கிளினிக்குக்கு ஒரு கிழமை இருக்கும்போது மறுபடி ஒழுங்காகப் போடுவார்கள். கொப்பியில் எண் அழகாக இருக்கும், மூளையின் குழாய் அந்த அழகை நம்பாது. நீங்கள் அப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லவில்லை, செய்தால் நிறுத்துங்கள் என்கிறேன். 140/90க்குக் கீழே கட்டாயம் வர வேண்டும், சீனியும் இருப்பதால் தலைசுற்று இல்லாமல் 130/80 பக்கம் வந்தால் இன்னும் நல்லது. வெறும் வயிற்றுச் சீனி 130க்குள். வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம், எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மூளைக் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு முதல் நாலரை மணித்தியாலம்தான் நேரம், அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். வீடு தோட்டத்தின் மேல் டிவிசன் என்றால் ஆளை ரோட்டு வரை கொண்டு வரும் ஏற்பாட்டை இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

கடிதத்தில் இரண்டு விசயம் இல்லை. ஒன்று தேத்தண்ணி, மற்றது வெற்றிலை. மலையகத்தில் இருந்து வரும் கடிதத்தில் இந்த இரண்டும் இல்லாவிட்டால் எனக்குச் சந்தேகம் வரும்.

நாளைக்கு ஆறு பிளேன்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் அங்கேயே ஐம்பது கிராம் சீனி ஆகிவிட்டது. இரண்டை ஒன்றாக்கி, ஒன்றை அரையாக்கி, இரண்டு மாதத்தில் விட்டுவிடலாம். நாக்கு பழகிவிடும். நல்ல கொழுந்தின் ருசி தெரிந்தவர் நீங்கள், அதைச் சீனி போட்டு மறைப்பானேன். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்க வேண்டாம், ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். தேயிலைச் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும், நம் பெண்களுக்கு இரத்தம் குறைவதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

வெற்றிலை போடுகிறவர் என்றால், புகையிலையை மட்டும் எடுத்துவிட்டால் சரி என்று நினைக்க வேண்டாம். பாக்கே வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். இந்த நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுக்குத்தான், நம் பக்கம் பெண்களும் தப்பவில்லை. மலையில் குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை என்று ஆரம்பித்த பழக்கம், தெரியும். இப்போது மலையும் இல்லை, பசியும் இல்லை. வெளிச்சத்தில் கண்ணாடி வைத்து வாய்க்குள் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண், மூன்று விரலை நிமிர்த்தி வைக்க முடியாத அளவுக்கு வாய் திறப்பது குறைந்திருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் போங்கள். வலி வரும் வரை காத்திருப்பவர்கள்தான் பிந்திப் போகிறார்கள்.

சாப்பாட்டில் எனக்கு ஒரே கவலை, உங்கள் 46 கிலோ. சீனி வருத்தம் என்றதும் எல்லாவற்றையும் குறைத்து, காலையில் ரொட்டியும் சம்பலும், பகலுக்குச் சோறும் ஒரு மரக்கறியும், இரவுக்கு மறுபடி ரொட்டி என்று இருப்பீர்கள். தசை கட்டப் புரதம் வேண்டும். உங்கள் நிறைக்கு நாளைக்கு 46 முதல் 55 கிராம், சிறுநீரகம் நன்றாக இருந்தால். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு கிளாஸ் பாலில் ஆறு ஏழு, ஒரு கைப்பிடி காய்ந்த பருப்பில் ஆறு, 50 கிராம் கடலையில் பத்து, 30 கிராம் காய்ந்த சோயா மீட்டில் பதினைந்து. நெத்தலி நல்லது, ஆனால் சுடுதண்ணியில் இரண்டு தடவை ஊறவைத்து உப்பைக் கழுவிவிட்டுச் சமையுங்கள். முழு நாளுக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்புத்தான் கணக்கு, கருவாட்டு உப்பும் அதற்குள்ளேதான். மூன்று நேரச் சாப்பாட்டிலும் இதில் ஏதாவது ஒன்று இருக்கட்டும். கோதுமை மாவில் பாதிக்குக் குரக்கன் மா கலந்து ரொட்டி சுட்டால் சீனி கொஞ்சம் மெதுவாக ஏறும். வீட்டைச் சுற்றி இடம் இருக்கிறதே, வல்லாரை, பொன்னாங்கண்ணி, லீக்ஸ் நாலு பாத்தி போடுங்கள். மண்வெட்டி பிடிப்பதும் பயிற்சிதான்.

கட்டார் போத்தல்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஆரோக்கியமாக இருந்த ஏறத்தாழ 3,90,000 பேரை இருபது வருசத்துக்கு மேலாகப் பார்த்ததில், தினமும் பல விற்றமின் குளிசை போட்டவர்கள் போடாதவர்களைவிடக் கூடுதலாக வாழவில்லை. நீங்கள் சீனிக்கு மெட்போமின் குளிசை பல வருசமாகப் போடுகிறீர்கள் என்றால் விற்றமின் பி12 குறையலாம், அதைக் கிளினிக்கில் கேளுங்கள், குறைந்திருந்தால் அதற்கு மட்டும் மருந்து போதும். போத்தல்களைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு முடிவெடுங்கள். மகனிடம் அடுத்த முறை நல்ல பிடிமானம் உள்ள ஒரு சோடிச் சப்பாத்து அனுப்பச் சொல்லுங்கள்.

புது வீட்டைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரி பெரியதாகத் தெரிந்தது. புது வீட்டில் கக்கூஸ் உள்ளேயே இருக்கும், இராத்திரி மழையில் டோர்ச் பிடித்துக்கொண்டு இறங்கத் தேவையில்லை, விழும் ஆபத்து அதனாலேயே குறையும். விறகுப் புகை போக வழியும் இருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் லயத்தில் இஸ்தோப்பில் போய் உட்கார்ந்தாலே பத்துப் பேர் பேச இருந்தார்கள். இப்போது மகனும் மருமகளும் வேலைக்குப் போனால், பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வரும் வரை நீங்கள் யாரோடு பேசுகிறீர்கள்? தனிமையில் இருக்கும் முதியவர்கள் சீக்கிரம் போகிறார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. எனக்கு அதற்கு ஆய்வும் தேவைப்படவில்லை, கிளினிக் நாளில் இரண்டு மணித்தியாலம் முன்னாலேயே வந்து வாங்கில் உட்கார்ந்து கதை பேசும் அம்மாமார்களைப் பார்த்தாலே தெரியும். பாதிப் பேர் மருந்துக்காக வருவதில்லை. உங்கள் நடையைப் பழைய லயத்தின் பக்கம் வையுங்கள். போய், கூட வேலை செய்தவர்களைப் பார்த்து, பிளேன்டி குடித்து, சீனி இல்லாமல், திரும்பி வாருங்கள். ஏற்றமும் ஆயிற்று, பேச்சும் ஆயிற்று.

கடைசியாக மலை. முடியுமா என்றால், முடியும் என்றே நினைக்கிறேன், ஆனால் இந்த மாதம் இல்லை. உங்கள் காலுக்கு அந்தப் பாதை பழக்கம், நல்லதண்ணிப் பக்கமாகவே ஏறுங்கள், இரத்தினபுரிப் பக்கம் தூரம் அதிகம். அதிலும் ஐயாயிரத்துக்கு மேல் படி, உச்சி 2,243 மீட்டர். சீசன் டிசம்பர் பௌர்ணமிப் போயாவுக்குத் தொடங்கி வெசாக் வரை போகும், அவசரமே இல்லை. மழை குறைந்த பெப்ரவரி, மார்ச்சில் ஒரு சாதாரண கிழமை நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். போயா நாளிலும் சனி ஞாயிறிலும் நெரிசலில் உங்கள் வேகத்துக்கு ஏற முடியாது, பின்னால் இருப்பவர் வேகத்துக்குத்தான் ஏற வேண்டும்.

அதற்கு முன் மூன்று காரியம் ஆக வேண்டும். கதிரை எண் 12ஐத் தாண்ட வேண்டும். தோட்டத்து ஏற்றத்தில் ஒரு மணித்தியாலம் நெஞ்சு இறுகாமல், தலை சுற்றாமல் ஏற முடிய வேண்டும். கிளினிக் டொக்டர் ஈ.சி.ஜி. பார்த்து, பிரஷரும் சீனியும் பிடிபட்ட பிறகு, போகலாம் என்று சொல்ல வேண்டும். நெஞ்சு இறுக்கம் ஒரு தடவை வந்தாலும் பயணத்தை மறந்துவிட்டு முதலில் காட்டுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் பயப்பட வேண்டும். ஏறும்போது மூச்சு உங்களை நிறுத்திவிடும், இறங்கும்போது நிறுத்த ஆளில்லை, முழு நிறையும் முழங்காலில் விழும். கையில் ஒரு தடி, படியில் பக்கவாட்டாகக் கால் வைப்பது, அரை மணிக்கு ஒரு தடவை உட்காருவது. வாசல் படியில் மெதுவாக இறங்கிப் பழகச் சொன்னது இதற்காகவும்தான். விரதம் என்று வெறும் வயிற்றோடு ஏறவே வேண்டாம், சீனிக் குளிசை போடுபவருக்கு நடுப்படியில் சீனி இறங்கிவிடலாம். சாமிக்கு அது தெரியும். பையில் பிஸ்கட், இரண்டு டொபி, தண்ணீர், அன்றைய குளிசைகள், காதை மூட ஒரு கம்பளித் தொப்பி. முதல் தடவையே உச்சிக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. கால்வாசி தூரம் ஏறிப் பார்த்து, பிளேன்டி குடித்துவிட்டுத் திரும்பி வந்து, மறுநாள் முழங்கால் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

பேத்தி, உனக்கு: ஒரு பழைய கொப்பியில் கோடு போட்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாயியின் கதிரை எண்ணைத் தேதியோடு எழுது. முதல் எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கூட்டிப் போடாதே. எட்டு வாரம் முடிந்ததும் அந்தப் பக்கத்தை அப்படியே எனக்கு அனுப்பு.